வண்டி பார்க்கும் காளிச்சாமி

கார் விற்கிற வீட்டுக்குப் போனால் காளிச்சாமி கார் நிற்கும் பக்கமே திரும்புவதில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்பார். சொம்பை வாங்கி நிதானமாகக் குடித்தபடி, வீட்டுக்காரர் பேசும்போது கண் எங்கே போகிறது, கை என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். கூட வந்தவர் அவசரப்பட்டால், “வண்டி எங்கீங்க ஓடிப் போயிரும்? மொதல்ல விக்கறவரெப் பாப்பமுங்க” என்பார்.

கோவிந்தாபுரத்தைச் சுற்றியுள்ள குடியானவர்கள் அவரைக் கேட்காமல் பழைய கார் வாங்குவதில்லை. இருபது வருஷம் லாரி ஓட்டியவர். ஐம்பத்திரண்டு வயது, கறுத்து மெலிந்த உடம்பு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு காந்தத் துண்டு இருக்கும். அதைக் காரின் தகரத்தில் ஓட்டிப் பார்ப்பார். ஒட்டாத இடத்தில், பெயின்டுக்கு அடியில் பட்டி பூசி எதையோ மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தரகர் கொட்டகைக்குள் மட்டும் கால் வைக்க மாட்டார்.

ஒரு காலத்தில் வைத்தவர்தான். அறுபத்தெட்டாம் வருஷம் தங்கை சரஸ்வதியம்மாளின் கணவர் கந்தப்பனுக்கு ஒரு தரகரிடம் அம்பாசடர் பார்த்துக் கொடுத்தார். புதுப் பெயின்டும் புது மெத்தையும் அவர் கண்ணையே மறைத்துவிட்டன. எங்கோ கவிழ்ந்து ஒடிந்ததை ஒட்டவைத்த வண்டி அது. நெல்லியாம்பதி மலை இறக்கத்தில் ஸ்டியரிங் கழன்றுவிட்டது. கந்தப்பன் உயிரோடு வீடு திரும்பவில்லை. தங்கை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அதன்பிறகு ஊருக்கெல்லாம் வண்டி பார்த்தார். சொந்தத்தில் யாருக்கும் பார்த்ததில்லை.

எழுபத்தைந்து ஆனி மாதம் தங்கையே வாசலில் வந்து நின்றாள். அவள் மகளுக்குச் சின்ன வயதில் வாதம் வந்து ஒரு கால் சூம்பிப்போயிருந்தது. பக்கத்துச் சித்தூரில் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. நெரிசலில் பஸ் ஏற முடியாது.

“ஒரு வண்டி பாத்துக் குடுங்கண்ணா.”

“என்னெக் கேக்காதே அம்மிணி. வேற ஆளெக் கூட்டிக்க.”

“வேற ஆளு வேண்டாமுங்க. தரகருகிட்ட ஒண்ணு பளபளன்னு நிக்குது. நீங்க வல்லீன்னா அதையே வாங்கிப் போடறனுங்க.”

மறுநாளே இருவரும் புறப்பட்டார்கள். கொல்லங்கோட்டில் ஒரு வீடு, வடக்கஞ்சேரியில் ஒரு வீடு. இரண்டிலும் தண்ணீர் குடித்ததோடு எழுந்து வந்துவிட்டார். பழைய லாரிக்காரர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, கடைசியில் மூணாறு மலையில் மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனார்கள். தோட்டத்துக் கம்பவுண்டர் சூசையப்பன் வேலை முடிந்து திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாசலில் அவருடைய பழைய லேண்ட்மாஸ்டர் கார் நின்றது. யாருக்கு வண்டி என்று விசாரித்தவர், காளிச்சாமி தண்ணீர் கேட்பதற்குள் தாமாகவே பேசத் தொடங்கினார்.

“எறக்கத்துல பிரேக்க ரெண்டு மட்டம் மிதிக்கணும், பாத்துக்கிடுங்க. போன வருசம் பாறையில இடிச்சு இடது பக்கம் நெளிஞ்சிட்டு. தட்டி எடுத்துப் பட்டி வச்சிருக்கேன். கால் ஏலாத பிள்ளைக்குன்னு சொல்லுதிய. மறைச்சு வித்தா எனக்கு ஒறக்கம் வராதுய்யா.”

காளிச்சாமி காந்தத்தை எடுத்து வண்டி முழுக்க ஓட்டினார். சூசையப்பன் சொன்ன இடத்தில் மட்டும் அது ஒட்டவில்லை. பிறகு அடியில் புகுந்து மல்லாந்து கிடந்து வெகுநேரம் பார்த்தார். எழுந்தபோது முதுகெல்லாம் ஈர மண்.

“இங்கயே வாங்கிக்கலாம் அம்மிணி.”

சூசையப்பன் வீட்டிலேயே இரண்டு நாள் தங்கினார்கள். மூணாறில் ஒரு பட்டறையில் பிரேக்கைக் கழற்றி, தேய்ந்ததை எல்லாம் பக்கத்தில் நின்று மாற்ற வைத்தார். மூன்றாம் நாள் காலை மலையிறங்க வேண்டும். வண்டியைக் கிளப்பிவிட்டு, ஜன்னல் வழியாகத் தங்கையிடம் பஸ்ஸுக்குச் சில்லறையை நீட்டினார்.

“நீ பஸ்ஸுல வந்துரு. உடுமலைப்பேட்டையில நிக்கறேன். சமதரைக்கு வந்தப்பறம் ஏறிக்க.”

சரஸ்வதியம்மாள் கையை நீட்டவில்லை. பின்கதவைத் தாண்டி வண்டியைச் சுற்றி வந்தாள். முன்கதவைத் திறந்து அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை மடியில் ஒதுக்கிக்கொண்டு, கதவை இழுத்துச் சாத்தினாள்.