முதலாளியின் ரிவால்வரும் மூன்றாம் நம்பர் பிரஸ்ஸும்

போன ஞாயிற்றுக்கிழமை, குக்கரில் கறி வெந்துகொண்டிருந்தபோது, என் மகன் போனில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். எந்த தேசமோ தெரியவில்லை, தாடிக்காரர் ஒருவர் பழைய ரிவால்வர் ஒன்றைப் பிரித்துத் துணியின்மேல் பரப்பி வைத்திருந்தார். பேச்சே கிடையாது. துருவேறிய திருகைக் கழற்றுகிறார். எண்ணெயில் ஊறப்போடுகிறார். கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்கிற அந்தச் சின்னச் சுத்தியலைக் கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்குகிறார். "இத்தப் பாத்தா மனசுக்கு நிம்மதியா கீதும்மா" என்றான் மகன். நான் போனைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினேன். மீசை முளைத்து, வேலைக்குப் போய், தீபாவளிக்கு எனக்கே புடவை எடுத்துக் கொடுக்கிற பிள்ளை அவன். ஒன்றும் புரியாமல் பார்த்தான். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. கோபம் வந்தால் எனக்கு முதலில் அழுகைதான் வரும். எதிரில் இருப்பவர்கள் நான் பயந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். இந்த ஒரு கோளாறால் நான் தோற்ற சண்டைகள் ஏராளம்.

அவனிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

போனிலிருந்து வாசனை வராதுதான். ஆனால் எனக்கு அடித்தது. மெல்லிய எண்ணெயும் இரும்புத்தூளும் கலந்த வாசனை. கும்மிடிப்பூண்டியில், கல்யாணத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஷெட்டின் டூல்ரூம் வாசனை. அதை நினைத்தாலே கம்பெனி வேனின் வாசனையும் சேர்ந்து வந்துவிடும்: டீசல், இட்லி, எங்கள் தலையிலிருந்த பூ. எளாவூரிலிருந்து நாங்கள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் அந்த வேனில் போவோம். செக்போஸ்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால் டிரைவருக்குப் பொறுமை போய்விடும், ஓடி வருகிறவளை விட்டுவிட்டுக் கிளம்பப் பார்ப்பார். அப்போது ஸ்டெல்லாக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடிப்பாள். வேன் மட்டுமல்ல, லாரிகளும் நின்றுவிடும். அவள் அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள். அந்த மிடுக்கு அவள் விசிலில் இருக்கும்.

ஷெட்டில் வரிசையாக பிரஸ் மிஷின்கள். தகட்டை அச்சின்மேல் வைக்க வேண்டும், பெடலை மிதிக்க வேண்டும், மேலிருந்து இரும்பு இறங்கி ஒரே அடியில் வெட்டி வளைத்துவிட்டு மேலே போய் நின்றுகொள்ளும். கையை உள்ளே விட்டு பீஸை எடுத்து, அடுத்த தகட்டை வைக்க வேண்டும். ஒரு மிதிக்கு ஒரு அடி. இவ்வளவுதான் வேலை, இதை நம்பித்தான் கையை உள்ளே விடுகிறோம். நான் இரண்டாம் நம்பரில் இருந்தேன், ஸ்டெல்லாக்கா மூன்றாம் நம்பரில். அந்த மூன்றாம் நம்பரில், இரும்பை மேலே பிடித்து நிறுத்துகிற கொக்கி தேய்ந்து, அதன் ஸ்பிரிங்கும் தளர்ந்துபோயிருந்தது. சில நேரம் ஒரு மிதிக்கு இரண்டு அடி வந்தது. அவள் சூப்பர்வைசரிடம் சொன்னாள். சூப்பர்வைசர், மிஷின்களைப் பழுது பார்க்கிற டூல்ரூம் தணிகாசலத்திடம் சொன்னார். தணிகாசலம், கையில் வேறு வேலை இருக்கிறது, அது முடிந்ததும் பார்க்கிறேன் என்றார்.

அந்த வேறு வேலைதான் ரிவால்வர்.

முதலாளியின் அப்பா ஒரு காலத்தில் பள்ளிப்பட்டுப் பக்கத்து மலைகளில் வேட்டைக்குப் போனவராம். வேட்டை சட்டப்படி நின்றுபோனது, ரிவால்வர் மட்டும் லைசென்ஸோடு மகன் கைக்கு வந்தது. பழைய மாதிரி. ஒவ்வொரு தடவையும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தால்தான் சுடும். இழுக்கும்போதே குண்டு இருக்கும் உருளை ஓர் அறை நகர்ந்து நிற்க வேண்டும். அது சரியாக நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. உருளையைத் தள்ளுகிற நாக்கு தேய்ந்திருந்தது, ஸ்பிரிங் செத்துப்போயிருந்தது, கைப்பிடி விரிந்திருந்தது. அதற்கென்று லைசென்ஸ் வாங்கிய கடையில் கொடுத்திருக்கலாம். ஆனால் முதலாளிக்குத் தன் ஷெட்டிலேயே, தன் கண் முன்னாலேயே நடக்க வேண்டும்.

தணிகாசலமும் பள்ளிப்பட்டுக்காரர்தான். வாயைத் திறந்தால் பாதி தெலுங்கு, எங்களையெல்லாம் நைனா போட்டுத்தான் கூப்பிடுவார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் முதலாளி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேசுகிறார், தன் நாஷ்டாவைப் பங்கு வைக்கிறார் என்றதும் மனிதர் தரையில் நடக்கவில்லை. புது ஸ்பிரிங்குக்கு வெளியூரிலிருந்து உயர்ந்த எஃகு வந்தது. முதலில் செய்தது கொஞ்சம் கடினமாக இருந்ததென்று தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று செய்தார். நாக்கைப் புதிதாகச் செய்து, லென்ஸ் வைத்துப் பார்த்து அரத்தால் ராவினார். கைப்பிடிக்கு ஈட்டிமரம். குறி பார்க்கும் முனையில் ஒரு பித்தளை மணி, பழையதில் இல்லாதது, முதலாளியின் ஆசைக்காக. நாள் கணக்கு வாரக் கணக்காக நீண்டது. மூன்றாம் நம்பர் பிரஸ் அதுபாட்டுக்கு அவ்வப்போது இரண்டடி அடித்துக்கொண்டிருந்தது. ஸ்டெல்லாக்கா கையை உள்ளே விடுவதற்கு முன் ஒரு கணம் நிறுத்திப் பழகிக்கொண்டாள். அதனால் பீஸ் குறைந்தது. குறைந்ததற்குத் திட்டு வாங்கினாள்.

வேலை முடிந்த மத்தியானம் தணிகாசலம் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். குண்டு இல்லை என்று உருளையைச் சுற்றிக் காண்பித்துவிட்டு, "வெளிய சொல்லிக்கினு திரியாதீங்க நைனா. இங்க வச்சி செஞ்சது தெரிஞ்சா மொதலாளிக்கு லைசென்சு பூடும்" என்றார். சொல்லிவிட்டு, பெருமை தாங்காமல், அதை ஸ்டெல்லாக்கா கையிலேயே கொடுத்தார். அவள் சுத்தியலை இழுத்துப் பார்த்தாள். க்ளிக்கென்று நின்றது. அந்த நேரம் முதலாளியும் உள்ளே வந்துவிட்டார். கோபப்படவில்லை, எப்படியிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"சூப்பரா கீது சார். இத்த ஒரு வாட்டி இஸ்தா ஒரு வாட்டிதான் நிக்கிது. என் மிஷினு ஒரு வாட்டி மிதிச்சா ரெண்டு வாட்டி வருது சார்."

முதலாளி அதற்கும் சிரித்தார். நல்ல நகைச்சுவை என்று நினைத்தாரோ என்னவோ. பார்க்கலாம் பார்க்கலாம் என்று சொல்லி, ரிவால்வரை மஞ்சள் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

அடுத்த வாரமே நடந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். மூன்றாம் நம்பர் அடித்தது, மேலே போனது, நிற்காமல் திரும்பவும் இறங்கியது. ஸ்டெல்லாக்கா கத்தவில்லை. வலது கையை வெளியே எடுத்துப் பார்த்தாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. நான் என் துப்பட்டாவைச் சுற்றினேன். முதலாளியின் கார்தான் வாசலில் நின்றது. தூக்கிக்கொண்டு ஓடினோம். முதலாளி கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, முதலில் சீட்டில் ஒரு சாக்கை விரிக்கச் சொன்னார். சாக்குத் தேடி ஒருவன் ஓடினான். அது வரும்வரை அவள் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை, வேன் போய்ச் சேர்வதற்குள் தணிகாசலம் மூன்றாம் நம்பரைப் பிரித்திருந்தார். கொக்கியை மாற்றினார், ஸ்பிரிங் போட்டார், மூடினார். வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஒரு டீ ஆறுகிற நேரம். அதற்குத்தான் அத்தனை வாரம் நேரமில்லை.

அன்று மத்தியானமே விபத்தை விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். பெடலை மிதித்துப் பார்த்தார். ஒரு மிதிக்கு ஒரு அடி. திரும்ப மிதித்தார், திரும்பவும் ஒன்று. வேலை செய்தவரின் கவனக்குறைவு என்று சூப்பர்வைசர் எடுத்துக் கொடுத்தார். "இன்னிக்குக் காலையிலதான் சார் மாத்தினாங்க" என்று நான் குரல் கொடுத்தேன். கொடுத்த உடனே அழுதுவிட்டேன். பாவம், கூட வேலை செய்த பெண் அதிர்ச்சியில் இருக்கிறாள், தண்ணீர் கொடுங்கள் என்றார் அதிகாரி. சூப்பர்வைசர் தோளைப் பிடித்து என்னை வெளியே கொண்டுபோய் விட்டார். தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டு, சுத்தமாக இருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கட்டுப் பிரித்த பிறகு ஸ்டெல்லாக்கா என்னைக் கூட்டிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனாள். அவர் அவள் கையைப் பார்த்து முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். விதி என்றார். தன்னால் ஆனதைச் செய்வதாகச் சொன்னார். அவர் பேசி முடித்ததும் அவள் சொன்னாள்:

"சார், என் வெரலப் பத்திப் பேச வர்ல. உங்க துப்பாக்கியப் பத்திப் பேச வந்தன்."

முதலாளி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததே இல்லை. அவள் குரலை உயர்த்தவில்லை. டூல்ரூமில் வைத்து என்னென்ன செய்தீர்கள் என்று எல்லாப் பெண்களும் பார்த்திருக்கிறோம், நானே கையில் பிடித்தேன், வேன் போகிற வழியில்தான் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது என்றாள். இரண்டு விரல் போனதற்கு வியர்க்காத மனிதருக்கு லைசென்ஸ் போகும் என்றதும் நெற்றியெல்லாம் வியர்த்தது.

என்ன வேண்டும் என்று கேட்டார். மிஷின்தான் கெட்டிருந்தது என்று எழுதிக் கொடுங்கள் என்றாள். ஸ்டோரில் உட்கார்ந்து செய்கிற வேலை கேட்டாள். கடைசியாக, எல்லா பிரஸ்ஸுக்கும் கூண்டு வேண்டும் என்றாள். இரும்பு இறங்கும்போது கை உள்ளே போக முடியாதபடி மறிக்கிற கம்பிக் கூண்டு. மூன்றுக்கும் சரி என்றார்.

கூண்டுகளைத் தணிகாசலமே செய்தார். மஞ்சள் பெயின்ட் அடித்து ஒவ்வொன்றாக மாட்டினார். மூன்றாம் நம்பருக்கு மாட்டிய அன்று ஸ்டோர் வாசலில் வந்து நின்று, தன்னை மன்னித்துவிடும்படி கேட்டார். நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. எனக்கென்னவோ இரக்கம் வரவில்லை.

"நல்லா டைட் பண்ணியாண்ணா?" என்று மட்டும் கேட்டாள் ஸ்டெல்லாக்கா. அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு நான் இருந்தவரை அந்த ஷெட்டில் யாருக்கும் ஒரு நகம்கூடப் போகவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆகி கடம்பத்தூருக்கு வந்துவிட்டேன். முதலாளியும் போய்ச் சேர்ந்துவிட்டார், படத்தைப் பேப்பரில் பார்த்தேன், நல்ல மனிதர் என்று போட்டிருந்தது. ஷெட்டை இடித்துவிட்டு இப்போது பார்சல் கம்பெனியின் குடோன் கட்டியிருக்கிறார்கள். எளாவூர்ப் பெண்களின் வேன் நின்று எத்தனையோ வருடமாகிறது. நான் வேலையை விடும்போது ஸ்டெல்லாக்கா இடது கையால் விசில் அடிக்கப் பழகிக்கொண்டிருந்தாள். மகள் வீட்டோடு ஆந்திரா பக்கம் போய்விட்டாள் என்று கேள்வி, எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

மிஷின்கள் மட்டும் போகவில்லை. தொழிற்பேட்டையின் பின்பக்கம் வேறொரு ஷெட்டுக்கு விற்றிருக்கிறார்கள். என் நாத்தனார் மகள் அங்கே கணக்கெழுதுகிறாள். பச்சை பெயின்டும் அந்த மூன்று என்ற எண்ணும் அப்படியே இருக்கிறதாம். காண்ட்ராக்டில் வந்த இந்திக்காரப் பையன்கள் ஓட்டுகிறார்கள். கூண்டு இருக்கிறதா என்று கேட்டேன்.

"இன்னா கூண்டு, அத்தை?"

மஞ்சளாக, கம்பி போட்டது என்று விளக்கினேன். யோசித்துப் பார்த்துச் சொன்னாள். மிஷின் வந்த புதிதில் ஏதோ இருந்ததாம், பீஸ் குறைகிறது என்று அறுத்து எடைக்குப் போட்டுவிட்டார்களாம். மிஷினின் இரண்டு பக்கமும் போல்ட் ஓட்டைகள் இருக்கின்றன, அதில் பையன்கள் ஊதுவத்தி செருகி வைக்கிறார்கள் என்றாள்.

மூன்றாம் நம்பரில் இருக்கிற பையன் பெயர் என்ன என்று கேட்டேன். மாறிக்கொண்டே இருப்பார்கள், பெயரெல்லாம் தெரியாது என்றாள்.