பொட்டு வைத்த வளையங்கள்

நிலவின் தென் துருவத்தில் நம் விண்கலம் இறங்கிய அன்று சாயங்காலம் நாங்கள் கிணத்துக்கடவில் ஒரு கல்யாண வரவேற்பில் இருந்தோம். பொண்ணு மாப்பிள்ளையை ஒருத்தரும் பார்க்கவில்லை; மண்டபமே செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. இறங்கிவிட்டது என்றதும் கைதட்டலும் விசிலுமாக ஒரே அமர்க்களம். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான், பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா பக்கத்து இலைக்காரரிடம் ஆரம்பித்தார்.

"எல்லாம் நம்ம பட்டறையில பொட்டு வெச்சு அனுப்புன சாமானுங்க. சும்மா போயி எறங்குமுங்களா?"

எனக்கு வந்ததே ஆத்திரம்! பாதி இலையில் மூடிவிட்டு எழுந்துவிட்டேன். முந்தைய தடவை அனுப்பிய கலம் நிலவில் மோதி நொறுங்கியபோது, "பொட்டு வெக்காம அனுப்பிப்போட்டாங்க போல" என்று சொன்னதும் இதே வாய்தான். ஏறினாலும் அவர் பொட்டு, விழுந்தாலும் அவர் பொட்டு. அவர் பொட்டு வைத்த சாமான் ஒன்றுகூட எங்கள் காம்பவுண்டைத் தாண்டவில்லை என்பது வீட்டில் அத்தனை பேருக்கும் தெரியும். மூத்தவர் என்று எல்லோரும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் சொல்லிவிடுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து நடத்திய லேத் பட்டறை. மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பதுதான் பிழைப்பு. அந்த வருஷம் ஊரில் ஒரு பெரிய கம்பெனி தான் எடுத்த ராக்கெட் வேலையில் ஒரு துணுக்கை எங்களுக்குக் கொடுத்தது. மோதிரத்தைவிடக் கொஞ்சம் பெரிய உலோக வளையங்கள். திரவ ஆக்ஸிஜன் போகும் குழாயில், திறந்து மூடும் வால்வுக்குள் உட்காருபவை.

கடைவதில் ஒன்றும் சிரமமில்லை. சிரமமெல்லாம் கடைந்த பிறகுதான். அதில் எண்ணெய்ப் பிசுக்கோ வேறு எந்தத் துகளோ ஒட்டியிருக்கவே கூடாது. திரவ ஆக்ஸிஜன் பட்டால் பக்கென்று தீப்பிடித்துக்கொள்ளும். எங்கள் பட்டறையோ சுவரைத் தொட்டாலும் கையில் எண்ணெய் வரும் இடம். ஆகவே பின்மூலையில் ஒரு சின்ன அறையைத் தடுத்து, டைல்ஸ் ஒட்டி, ஏசி மாட்டி, கண்ணாடிக் கதவு போட்டார்கள். வளையங்களைக் கழுவி, அளந்து, கவரில் போட்டு ஒட்டி, இரும்புப் பெட்டியில் அடுக்குகிற வேலைக்கு ஆள் தேடினார்கள். வந்த பையன்கள் ஒருத்தரும் சரிப்படவில்லை. கடைசியில் அப்பா அம்மாவைக் கேட்டார்.

அம்மா மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். படித்து முடித்த கையோடு கல்யாணம். அதற்குப் பிறகு அவள் கையில் கரண்டியைத் தவிர வேறு கருவியை யாரும் கொடுத்ததில்லை. அந்த அறைக்குள் போன முதல் நாள் வெளியே வந்தவளின் முகத்தை நான் பார்த்தேன். காரமடைத் தேருக்குக் கூட்டிப் போனபோதுகூட அவள் அப்படிச் சிரித்ததில்லை.

அன்றிலிருந்து அம்மா தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டாள். முகத்துக்கு மஞ்சள் இல்லை, பவுடர் இல்லை. பூவும் வைப்பதில்லை. வெறும் சீயக்காய் போட்டுக் குளித்து, முடியை இறுக்கி முடிந்து தொப்பிக்குள் சொருகிக்கொண்டு உள்ளே போவாள். எண்ணெய் தேய்த்துப் பின்னிய என் தலைக்குக் கண்ணாடிக் கதவோடு சரி. வெளியே நின்று பார்ப்பேன். அவள் ஒரு வளையத்தை விளக்குக்கு நேராகத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். என்னைக் கண்டால் அந்த வளையத்துக்குள் ஒரு கண்ணை வைத்துச் சிமிட்டுவாள்.

ராத்திரி சோறு போடும்போது விண்வெளிக் கதைதான். "ஆரம்பத்துல ராக்கெட் மூக்கைச் சைக்கிள் கேரியர்ல வெச்சுத் தள்ளீட்டுப் போனாங்களாமா கண்ணு. ஒரு சேட்டிலைட்டை மாட்டு வண்டியில ஏத்துனாங்களாமா. நம்முளது உங்கப்பன் ஸ்கூட்டர்ல போவுது, பரவாயில்லியே!" என்பாள். செவ்வாய்க்கு விண்கலம் அனுப்பப் போகிறார்கள் என்று டிவியெல்லாம் அதே பேச்சாக இருந்த சமயம். எங்கள் வளையம் செவ்வாய்க்குத்தான் போகிறது என்று நானாக முடிவு கட்டி, வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். ஆனால் ஒரு குறை மட்டும் எனக்கு உண்டு. அம்மாவிடம் அம்மா வாசனை இல்லை. படுத்தால் தேங்காயெண்ணெயும் மல்லிகையும் கலந்து வருமே, அது போய் வளையம் கழுவுகிற ஸ்பிரிட் வாசனை வந்தது.

வீட்டுக்கு வந்த பெண்களுக்கு அது வாசனை சமாச்சாரமாக இல்லை. "கட்டுனவன் குத்துக்கல்லாட்ட இருக்கறப்ப இவ எதுக்கு இப்புடி வெறுந்தலையோட திரியறா?" என்று என் காது படவே பேசினார்கள். பெரியப்பா நேராகவே சொன்னார், "அம்மணி, தொழில் நடக்குற எடத்துல பூவும் பொட்டுமா இருந்தாத்தான் வெளங்கும்." அம்மா தொப்பியை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு அப்போதே அவர்கள் வாயில் துணியை அடைக்கலாம்போல் இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பட்டறையில் அது தீபாவளியைவிடப் பெரிசு. மெஷினையெல்லாம் துடைத்து, வாழைக்கன்று கட்டி, பொரியும் கடலையும் மூட்டையாக வந்து இறங்கிவிடும். ஒரு வழக்கம் மட்டும் மாறவே மாறாது: பட்டறையில் சந்தனம் குங்குமம் வைப்பது வீட்டின் மூத்த ஆண் மட்டும்தான். தாத்தா இருந்தவரை தாத்தா, அப்புறம் பெரியப்பா. அப்பாகூடத் தட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவாரே தவிர விரலை வைக்க மாட்டார். பொம்பளைகள் சுண்டலோடு வெளியே நிற்க வேண்டியதுதான்.

முந்தின நாளே பெரியப்பா ஆரம்பித்துவிட்டார். "லேத்துக்குப் பொட்டு, ஸ்பேனருக்குப் பொட்டு. மேல மானத்துக்குப் போற சாமானுக்கு இல்லீன்னா எப்புடி?"

"மாமா, அந்தப் பெட்டிக்கு வெளிய வெச்சுக்குங்க. உள்ள மட்டும் வேண்டாமுங்க, கெட்டுப்போயிரும்," என்றாள் அம்மா.

"சாமிக்கு வெக்கறது கெட்டுப்போகுமா? நல்லா இருக்குது ஞாயம்!" என்று சிரித்தார். அப்புறம் சரி சரி என்று தலையாட்டினார். பூஜையன்று இரும்புப் பெட்டியின் மூடி மேல் அழகாக ஒரு பொட்டு இருந்தது. அம்மா நிம்மதியாகச் சுண்டல் கிளறப் போனாள்.

சில நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து சரக்கைச் சரிபார்க்கும் அதிகாரி வந்தார். அன்று எனக்குப் பள்ளி லீவு. கதவைத் திறந்து வைத்து, அப்பா, பெரியப்பா, அம்மா எல்லோரும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். நான் வாசலில். அவர் முதல் கவரை வெட்டினார். வளையத்தின் மேல் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். இரண்டாவதை வெட்டினார். அதிலும் அப்படியே. அடுத்தடுத்து எல்லாவற்றிலும். கவரைப் பிரித்து, பொட்டு வைத்து, புதுக் கவரில் போட்டு மெஷினில் ஒட்டி வைத்திருந்தது. பெரியப்பாவின் கைவேலை எப்போதும் சுத்தம்.

அதிகாரியின் நெற்றியிலும் சந்தனம் இருந்தது. "இது நெத்தியில வெக்கறதுங்க. இதுல வெக்கலாமுங்களா?" என்றார். கழுவித் தருகிறோமே என்று அப்பா கெஞ்சினார். "இந்த வளையத்துப் பள்ளத்துல துளி சந்தனம் போயி ஒக்காந்துருந்தா யாருங்க பாக்கறது? அத்தனையும் கழிவுதானுங்க. பேக்கிங் பண்ணுனது யாரு?"

அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா சுவரில் இருந்த முருகன் காலண்டரைப் பார்த்தார். என்னமோ அன்றைக்குத்தான் முருகனை முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"பேக்கிங் எங்க ஊட்டுக்காரம்மாதானுங்க," என்றார் அப்பா. "தெரியாம வெச்சுப்போட்டாங்க போல."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "பொட்டு வெக்கறது பெரியப்பா மட்டுந்தானுங்க! அம்மாவெல்லாம் வெக்கவே கூடாதுங்க!" என்று கத்தினேன்.

"ஏய், பெரியவங்க பேசறப்ப என்ன? உள்ள போ!" அப்பா அப்படி என்னை அதட்டியதே இல்லை.

அதிகாரி அம்மா பக்கம் திரும்பினார். "நீங்களாம்மா?"

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே, "ஆமாங்க, நாந்தானுங்க," என்றாள்.

"அப்பன்னா அந்த ரூமுக்கு வேற ஆளைப் போட்டுருங்க. அப்பத்தான் அடுத்த வேலைக்கு மேல சொல்லிப் பாக்க முடியும்," என்றார் அவர். பெரியப்பா உடனே, "அதெல்லாம் மாத்திப்போடலாமுங்க," என்றார். வாய் அப்போதுதான் திறந்தது.

வேற ஆள் யார் தெரியுமா? பெரியப்பாவின் மகன். பத்தாவதில் கோட்டைவிட்டுவிட்டு பைக்கில் சுற்றிக்கொண்டிருந்தவன். தலை நிறைய ஜெல் தடவியவன். அவனுக்கு அளக்கவும் கழுவவும் சொல்லிக்கொடுத்தது அம்மாதான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு சொல்லிக்கொடுத்தாள். ஒரு பேச்சுக்குக்கூட அப்பா அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. வேலை கைவிட்டுப் போகவில்லை என்று பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். அந்த மொட்டைத் தலையைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அம்மா அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் வெறுந்தலையோடுதான் இருந்தாள். யாராவது கூப்பிடுவார்கள் என்று இருந்தாளோ என்னவோ. தீபாவளிக்குக்கூட எல்லோருக்கும் எண்ணெய் வைத்துவிட்டு, தான் மட்டும் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்தாள்.

செவ்வாய்க்கு ராக்கெட் கிளம்பியது தீபாவளி முடிந்த ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். பள்ளியில் எல்லோரையும் டிவி முன்னால் உட்கார வைத்துக் காட்டினார்கள். அது புகையைக் கக்கிக்கொண்டு மேலே போனபோது, பூஜைக்கு முன்னால் ஸ்கூட்டரில் போன வளையங்கள் அதில் இருக்கும் என்ற நினைப்பில், "எங்க ஊட்டு வளையம் போகுது!" என்று கத்தினேன். அந்த ராக்கெட்டில் திரவ ஆக்ஸிஜனே கிடையாது என்பதெல்லாம் இன்ஜினியரிங் சேர்ந்த பிறகு தெரிந்துகொண்டது.

மணி அடித்ததும் ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன். அம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் தேய்த்துக் குளித்து, முகம் மஞ்சளில் பளபளக்க, எண்ணெய் வழிய வழியத் தலை பின்னி, கொத்தாக மல்லிகை வைத்திருந்தாள். "இப்பத்தாண்டா நம்ம ஊட்டு மருமவளாட்ட இருக்குது," என்று பெரியப்பா வாசலில் நின்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ராக்கெட் போயிருச்சு! மேல போயிருச்சு!"

"போகட்டும் கண்ணு," என்றாள்.

நான் பையை வீசிவிட்டு அவள் மடியில் விழுந்து, கழுத்தில் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தேன். தேங்காயெண்ணெய், மல்லிகை, மஞ்சள். என் அம்மா திரும்பி வந்துவிட்டாள் என்று எனக்கு ஒரே குதூகலம். அந்த வாசனையோடு அந்த அறைக்குள் போக முடியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், அவள் ஏன் அன்றைக்கு அவ்வளவு எண்ணெய் வைத்துக்கொண்டாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.