பிரகாசம் பார்க்காத புலி

கொடுத்து வைத்த கண்கள் என்று சிலருக்கு உண்டு. நெல்லித்தோப்பு பிரகாசத்தின் கண்கள் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. பார்வையில் குறை ஏதும் இல்லை. ஐம்பத்தெட்டு வயதிலும் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோப்பார். ஆனால் வாழ்க்கையில் ஒரு முறைதான் காணக் கிடைக்கும் என்கிற காட்சி எதுவோ, அது அவர் கண்ணில் மட்டும் படாது.

மகள் ஜெர்லின் பிறந்த அன்று நர்ஸ் குழந்தையைக் கதவிடுக்கில் தூக்கிக் காட்டினாள். அங்கே நின்ற ஆறு பேர் பார்த்தார்கள். பெற்ற தகப்பன் பார்க்கவில்லை. நோணாங்குப்பத்திலிருந்து படகில் போனபோது முகத்துவாரத்தில் டால்பின் ஒன்று துள்ளியது. படகிலிருந்த கைக்குழந்தைகூட அதைப் பார்த்துச் சிரித்தது. பிரகாசம் பார்க்கவில்லை. சூரிய கிரகணத்துக்கென்றே ஒரு கண்ணாடி வாங்கி வந்தார். தெருவே அதை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தது. அது அவர் கைக்குத் திரும்பியபோது சூரியன் முழுசாக, ஒன்றுமே நடக்காதது போல நின்றுகொண்டிருந்தது.

"அந்தாளுக்குக் குடுப்பினை இல்ல" என்று தெருவில் சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் மனைவி அந்தோணிமேரி மாதா படத்தை நிமிர்ந்து பார்ப்பாள். வாயும் வயிறுமாக இருந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாளே, எந்தப் பாவமும் அறியாத மனிதனுக்கு ஏன் இந்தத் தண்டனை?

சேதராப்பட்டில் மின்விசிறி செய்யும் கம்பெனி ஒன்றில் முப்பத்தொரு வருடம் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார் பிரகாசம். கடைசி வாரத்தில் உடன் வேலை செய்பவர்கள் கூடி நின்று கேட்டார்கள்.

"மோதிரமா, பீரோவா? இன்னா வேணும் சொல்லுண்ணே" என்றார் சக்கரபாணி.

பிரகாசம் கையிலிருந்த அட்டைப்பெட்டியை ஒட்டி முடித்தார். "ஒரு புலியப் பாக்கணும்பா" என்றார்.

"கூண்டுல இருக்கிறதா?"

"இல்ல. அதும்பாட்டுக்கு நடந்து போறது."

முதுமலைக்கு ஒரு வேன் ஏற்பாடாயிற்று. அன்று மாலையே அந்தோணிமேரி மாதா படத்தின் முன் மண்டியிட்டாள். தன் கணவன் கண்ணுக்கு ஒரே ஒரு புலி தெரிந்துவிட்டால் நெல்லித்தோப்பிலிருந்து வில்லியனூர் மாதா கோயில் வரை நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டாள். அவளுக்கு முட்டி வலி உண்டு. அதை மாதாவிடம் அவள் குறிப்பிடவில்லை.

விதி இங்கேதான் சக்கரபாணியின் உருவத்தில் உள்ளே நுழைந்தது. சக்கரபாணி நல்ல மனிதர். ஆனால் பேனர் வைக்காமல் அவரால் இருக்க முடியாது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி, தெருக்குழாயில் தண்ணீர் வந்தது, எல்லாவற்றுக்கும் நம் ஊர் வழக்கப்படி பேனர் கட்டியவர். வேன் புறப்படுகிற விடியற்காலையில் தெருமுனையில் இருபதடி உயரத்துக்கு ஒன்று எழுந்து நின்றது.

'முதுமலைக் காட்டில் புலியை நேருக்கு நேர் கண்டு வெற்றியுடன் திரும்பும் எங்கள் அண்ணன் பிரகாசம் அவர்களே, வருக, வருக.'

அதில் பிரகாசம் கோட்டு சூட்டு போட்டிருந்தார். தலை மட்டும் அவருடையது. பக்கத்தில் நின்ற புலியின் முதுகில் அவர் கை இருந்தது. கீழே வாழ்த்துவோர் நாற்பத்தெட்டு பேர் தபால்தலை அளவில் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் கெளம்பவே இல்லியேப்பா" என்றார் பிரகாசம்.

"வர்ற ஞாயித்துக்கெழம எல்லா எடத்துலயும் கல்யாண பேனரு நிக்கும்ணே. இப்ப வுட்டா எடம் கெடைக்காது."

"நெசமாவே பாக்கலன்னா?"

"போறது புலி இருக்கிற காடுதான? பாக்கலன்னா அங்கயே தங்கிடு" என்று சொல்லிவிட்டுச் சக்கரபாணி ஏணியை எடுத்துக்கொண்டு போனார். அவர் காட்டுக்கு வரவில்லை. வரவேற்புக்கு மேளம் பேச வேண்டியிருந்தது.

வேனில் பேக்கிங் பிரிவினரும் வீட்டாருமாகப் பதினான்கு பேர். வழி நெடுக யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. எல்லோருக்கும் ஒரே கவலைதான். அண்ணன் பார்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் நெல்லித்தோப்பில் அவர் எந்த முகத்தோடு அந்தப் பேனருக்குக் கீழே நடப்பார்?

காட்டுக்குள் அழைத்துப் போகும் வண்டியில் ராமலிங்கம் என்ற வழிகாட்டி ஏறினார். மெல்லிய குரலில் விதிகளைச் சொன்னார். சத்தம் கூடாது, இறங்கக் கூடாது, தின்பண்டம் வீசக் கூடாது. "மானு கண்டிப்பா தெரியும். யானை அநேகமாத் தெரியும். புலி நம்ம கையில இல்லீங்க."

"எங்க அண்ணனுக்கு மட்டும் காட்டிட்டா போதும் சார். நாங்க பாக்கலன்னாலும் பரவால்ல" என்றார்கள் பேக்கிங் பிரிவினர்.

முதல் சுற்றில் மான்கள் வந்தன. "அண்ணே, மானு. பாத்தியா?" என்று பதிமூன்று பேரும் கேட்டார்கள். பார்த்தார். மான்கள் நெடுநேரம் நின்றன. இரண்டாம் சுற்றில் காட்டெருமை ஒன்று அசையாமல் படுத்திருந்தது. அதையும் பார்த்தார். புலி வரவில்லை. மறுநாள் காலையில் கடைசிச் சுற்று.

"மாமா, புலி வந்தா உங்க மூஞ்சி எப்பிடி மாறுதுன்னு நான் வீடியோ எடுக்கப் போறேன். அசையாதீங்க" என்றான் ஜெர்லினின் கணவன் கிளாட்வின். அவன் செய்வதைப் பார்த்து இன்னும் நான்கு பேர் கைபேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்கள். அந்தோணிமேரி ஜெபமாலையை உருட்டிக்கொண்டு கணவனின் கண்களையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்தக் கண்களில் புலி விழும் கணத்தை அவள் தவறவிட முடியுமா? அதற்காக அல்லவா நேர்ந்திருக்கிறாள்?

வண்டி ஒரு வளைவில் திரும்பி நின்றது.

"வலது பக்கம்" என்று கிசுகிசுத்தார் ராமலிங்கம். "ரோட்டுலயே நிக்கிது."

பதிமூன்று தலைகளும் ஒரே நேரத்தில் பிரகாசத்தின் பக்கம் திரும்பின. ஐந்து கைபேசிகள் அவர் முகத்தை நெருங்கின. பிரகாசமோ அந்தச் சொல் காதில் விழுந்த நொடியில் இடது பக்கம் திரும்பி, மனைவியின் தோளைத் தொட்டு, "மேரி, பாத்தியா?" என்றார்.

அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புலி சாலை நடுவே முழு உடலையும் காட்டி நின்றது. ஒரு பக்கம் காட்டியது, கொஞ்சம் பொறுத்துப் பார்த்தது, மறுபக்கமும் காட்டியது. யாரும் கண்டுகொள்ளவில்லை என்று தெரிந்ததும் உண்ணிச்செடிப் புதருக்குள் போய்விட்டது. இதையெல்லாம் பிறகு ராமலிங்கம்தான் சொன்னார்.

"இருவத்திரெண்டு வருசமா இந்த வேலையில இருக்கேன். புலியக் காட்டலன்னு சண்டை போட்டவங்கள நெறைய பாத்துட்டேன். புலிக்கு முதுகு காட்டி உக்காந்தவங்கள இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அசந்துபோயிருந்தார்.

ஐந்து கைபேசிகளிலும் பிரகாசத்தின் காது தெளிவாகப் பதிந்திருந்தது.

திரும்பும் வழியில் ஒரு சதி உருவாயிற்று. பார்த்ததாகச் சொல்லிவிடுவது. பதினான்கு பேரும் ஒரே மாதிரி சொன்னால் அதுதான் உண்மை. வால் மேலே தூக்கியிருந்ததா, கீழே தொங்கியதா என்று சேலத்தில் வாக்குவாதம் ஆரம்பித்து, ஆத்தூர் வந்தும் முடியவில்லை. யாராவது பார்த்திருந்தால்தானே முடியும்?

நடுவில் அந்தோணிமேரி திடீரென்று கணவனிடம் கேட்டாள்.

"ஜெர்லின் பொறந்தப்ப நர்ஸு காட்டுனாங்களே, நீங்க அப்ப எங்க பாத்தீங்க?"

"ஒங்கம்மா பின்னாடி நின்னுக்கிட்டு இருந்தாங்க. முன்னாடி வாங்கன்னு கூப்புடத் திரும்புனேன். அதுக்குள்ள கதவ சாத்திட்டாங்க."

"டால்பினு?"

"நீ பாக்காமப் பூடுவியோன்னு..."

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு விசும்பினாள். ஐந்து நிமிடம் கழித்து கிளாட்வினும் விசும்பினான். ஓட்டுநர் பாட்டுப் பெட்டியில் கோளாறு என்று நினைத்து அதை ஒரு தட்டு தட்டினார்.

தெருமுனையில் மேளம் காத்திருந்தது. பேனருக்குக் கீழே சக்கரபாணி ரோஜா மாலையோடு நின்றார். மாலை விழுந்தது, வெடி வெடித்தது, மைக் வந்தது.

"புலி எப்பிடிண்ணே இருந்துச்சு? தெருவுக்குச் சொல்லு."

'வால் மேலே' என்று கிளாட்வின் சைகை காட்டினான். பிரகாசம் பேனரில் இருந்த தன் தலையை அண்ணாந்து பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆயுளுக்கும் 'குடுப்பினை இல்லாதவர்' என்ற பழி தீர்ந்துவிடும்.

"நான் பாக்கலீங்க" என்றார். "எனக்குத் தெரியணும்னு பதிமூணு பேரும் என்னையே பாத்துக்கிட்டு இருந்துட்டாங்க. பாவம், அவங்களும் பாக்கல. அவங்கள யாரும் கிண்டல் பண்ணாதீங்க."

என்ன செய்வதென்று தெரியாத மேளக்காரர் ஒரே ஒரு அடி அடித்தார்.

"அப்ப இந்தப் பேனரு?" என்றார் சக்கரபாணி.

"நல்லாத்தான் இருக்கு. கோட்டு எனக்கு எடுப்பா இருக்கு."

மறுநாள் காலை அதன் பக்கத்தில் இன்னொரு பேனர் நின்றது. 'ஊர் கூடிய சபையில் உண்மையை உரைத்த எங்கள் அண்ணனுக்கு நன்றி.' அதே கோட்டு. அதே புலி. வாழ்த்துவோர் எண்ணிக்கை அறுபத்திரண்டாகியிருந்தது. குடுப்பினை பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அந்தோணிமேரி செருப்பில்லாமல் வாசலில் இறங்கினாள்.

"எங்க போற?"

"வில்லியனூருக்கு. நேர்ந்துக்கிட்டேன்ல."

"நாந்தான் பாக்கலியே மேரி."

"புலி வந்துச்சா இல்லியா? மாதா அவங்க பங்கச் செஞ்சுட்டாங்க. திரும்பிக்கிட்டது நீங்க. அதனால பாதி தூரம் நான் நடக்கணும்."

மறுத்துப் பேச முடியாத கணக்கு அது. பிரகாசமும் மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு கூடவே நடந்தார். மூலக்குளத்தில் பாதி தூரம் முடிந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவளைக் கைத்தாங்கலாகப் பேருந்தில் ஏற்றி, ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அரும்பார்த்தபுரம் தாண்டியதும் கண்டக்டர் குனிந்து வெளியே பார்த்தார். "லாரியில யானை போவுது பாருங்க" என்றார்.

பிரகாசம் சட்டென்று திரும்பி மனைவியின் தோளைத் தொட்டார். "மேரி, பாரு."

அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபோது யானை போயிருந்தது. பெரிய யானைதான் என்று கண்டக்டர் சொன்னார்.