பதினொன்றரை மரை

செல்லையாவின் வேலை போனதற்கு நான்தான் காரணம். என் தப்பை மறைக்க அவர் தலையில் பழியைப் போட்டேன். இத்தனை வருடங்களில் இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்குக்கூடத் தெரியாது. உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

அறுபதுகளில் தாராவியில் ஒரு லேத் பட்டறையில் கடைசல் வேலை செய்துகொண்டிருந்தேன். துறைமுகத்துப் பழைய படகுகளின் குழாய் வேலை எங்களுக்கு வரும். நாற்றம் பிடித்த வேலை! படகின் கக்கூஸ் கழிவெல்லாம் அடியில் ஒரு தொட்டியில் சேரும். டாக்குக்குள் அதைக் கடலில் திறந்துவிடக் கூடாது. மேல்தளத்தில் அதற்கென்று ஒரு வாய் உண்டு. அதில் குழாயை மாட்டி, படகின் பம்பைப் போட்டு, பக்கத்தில் நிற்கும் பார்ஜுக்கு, அதாவது கழிவை ஏற்றிப்போகும் தட்டைப் படகுக்கு, தள்ள வேண்டும்.

ஆனால் படகின் வாயில் ஒரு நாட்டு மரை இருக்கும், பார்ஜின் குழாயில் வேறொரு நாட்டு மரை இருக்கும். இரண்டும் ஜென்மத்துக்கும் சேராது. சேர்த்துவைக்கப் பித்தளையில் ஒரு அடாப்டர் கடைந்து கொடுப்பது என் பொறுப்பு.

அதில் எனக்குப் பெரிய பேர். மரையில் விரலை வைத்த மாத்திரத்தில் அங்குலத்துக்கு எத்தனை பல் என்று சொல்லிவிடுவேனாம்! அந்தப் பேர்தான் என்னைக் கெடுத்தது... என்னையா? நான் நன்றாகத்தானே இருந்தேன்!

ஒருநாள், உலகச் சண்டைக் காலத்து அமெரிக்கப் படகு ஒன்றைப் பார்க்க மேஸ்திரியோடு போனேன். வாய்க்குள் விரலை விட்டுத் தடவினேன். "பதினொண்ணு" என்றேன். மேஸ்திரிக்கு முகமெல்லாம் பெருமை. "பாத்தீங்களா சார், கேஜே வேண்டாம் இவனுக்கு!" என்று பார்ஜ் கம்பெனி மேனேஜரிடம் சொல்லிக்கொண்டே அவரோடு நகர்ந்தார்.

அவர்கள் போனபின் சும்மா, மரை அளக்கும் பல் தகடான கேஜை வைத்துப் பார்த்தேன். முதல் பற்கள் பதிந்தன. கடைசிப் பற்களுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது... பதினொன்று அல்ல. பதினொன்றரை!

அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். ஏன் திறக்கவில்லை? பதினொன்றரை வெட்ட லேத்தில் நாற்பத்தாறு பல் சக்கரம் மாட்ட வேண்டும். எங்கள் சக்கரத்தைப் பாண்டுப்பில் ஒரு பட்டறைக்காரர் இரவல் வாங்கிப் போயிருந்தார். போய்வர அரை நாள் ஆகும். அதுகூடப் பெரிதில்லை. மேஸ்திரியிடம் போய், "தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்று நிற்க வேண்டுமே! அது என்னால் ஆகவில்லை. பதினொன்றே வெட்டினேன்.

பார்ஜில் குழாய் மாட்டுகிறவர்தான் செல்லையா. நாங்குநேரிப் பக்கத்துக்காரர். தாராவியில் எனக்கு அடுத்த சந்து. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிய வேலையை அவர் வாய்பேசாமல் செய்தார். அந்த மாதம் பெர்மனென்ட் ஆக்குகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். ஊரிலிருந்து மனைவியையும் மகளையும் கூட்டிவர ஓர் அறைகூடப் பேசி வைத்திருந்தார்.

அடாப்டரை அவர்தான் படகின் வாயில் ஏற்றினார். நாலு சுற்றில் நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, நாலு சுத்துலயே பிடிக்கே... இன்னும் உள்ள போகாண்டாமா?"

பாருங்கள், எழுதப் படிக்கத் தெரியாத மனிதர். அவர் கைக்குத் தெரிந்துவிட்டது!

"அமெரிக்கன் மரை அப்படித்தாம்வே. சணலைச் சுத்தி நல்லா இறுக்கும்" என்றேன்.

என் சொல்லை நம்பி இறுக்கினார். பம்பைப் போட்டார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை... அடாப்டர் பிய்த்துக்கொண்டு பறந்தது! பித்தளை அவர் நெற்றியைக் கிழித்தது. கழிவு அவர் தலையிலிருந்து கால்வரை கொட்டியது. அத்தோடு போயிற்றா? வெள்ளை பேண்ட்டும் சட்டையுமாக வேடிக்கை பார்த்து நின்ற படகு முதலாளி மேலும் வாரியடித்தது.

மேனேஜர் ஓடிவந்தார். செம்பூரில் குடியிருந்த பாலக்காட்டுக்காரர், நியாயமான மனிதர். என்னைத் தனியே அழைத்துத்தான் கேட்டார்.

"இதோ பாருப்பா, நிஜத்தைச் சொல்லு. உன் திரெட் சரியாத்தானே இருந்துது?"

செல்லையா சற்றுத் தள்ளி, நெற்றியைத் துணியால் அழுத்திக்கொண்டு, சொட்டச் சொட்ட நின்றார். பக்கத்தில் ஒருவரும் போகவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் மரை சரி சார். ஏத்தினவர் கோணலா ஏத்திட்டார்" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை! நாக்கு குழறவில்லை... சீ, நானும் ஒரு மனிதனா?

அன்றே அவரை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் காலையில் நான் பாண்டுப்புக்குப் போய்ச் சக்கரத்தை வாங்கிவந்தேன். ஆமாம், அரை நாள்தான் ஆயிற்று! பதினொன்றரை வெட்டினேன். ஏழு சுற்றும் வெண்ணெயாக உள்ளே போயிற்று. மேனேஜர் என் முதுகில் தட்டினார். நான் சிரித்தேன்.

செல்லையா பேசிவைத்த அறையை விட்டுவிட்டார். ஊருக்கு, வர வேண்டாம் என்று கடிதம் போட்டாராம். அதை எழுதிக் கொடுத்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கழிவில் குளித்தவர் என்று குழாயடியில் அவருக்கு ஒரு பட்டப்பேரும் வைத்துவிட்டார்கள். கடைசியில் உல்லாஸ்நகரில் மூட்டை தூக்கப் போவதாக முடிவு செய்தார்.

போகிற அன்று காலையில் என் அறை வாசலில் வந்து நின்றார். நெற்றியில் கட்டு. கேட்கப்போகிறார், சட்டையைப் பிடித்து உலுக்கப்போகிறார் என்று நினைத்தேன். உலுக்கியிருந்தால் உண்மையைக் கொட்டியிருப்பேனோ என்னவோ... உள்ளேகூட வரவில்லை அவர்.

"அண்ணாச்சி, நீங்க நல்லா இறுக்கத்தான் சொன்னிய. நான்தான் சரியா இறுக்கல போலிருக்கு. என்னால உங்க வேலைக்கு ஒரு பழுதுச்சொல்லு வந்துட்டுதேன்னு நெனைச்சா சோறு எறங்க மாட்டேங்கு. மனசுல வச்சுக்கிடாதீய... மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க, நான் போயிருதேன்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவர் காலில் விழுந்திருக்க வேண்டாமா? நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"போகட்டும்வே. மன்னிச்சேன். போற எடத்துலயாவது கவனமா இரும்."

அவர் கும்பிட்டார். நான் தலையை ஆட்டி அதை வாங்கிக்கொண்டேன்.