ஏழு நிமிஷம் முந்திய கடிகாரம்

கடிகாரம் திருத்துகிற உத்தியோகத்தில் ஒரு கஷ்டம் உண்டு: தன் கடிகாரம் தப்பு என்று எவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஆபீசில் நியாயம் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்த கையோடு போர்ட் பிளேரில் ஒரு படகுப் பட்டறையில் எனக்குத் தற்காலிக வேலை. ஆபீசில் ஊசல் ஆடும் பெரிய கடிகாரம்; அதிலிருந்து ஒயர் போய் கேட் கடிகாரத்தை ஓட்டும். காலை எட்டு மணிக்கு ரேடியோவில் வரும் 'பிப்' ஒலியோடு அதை ஒத்துப் பார்ப்பதற்குத்தான் நான்.

முதல் நாள்

பார்த்தால், ஏழு நிமிஷம் முன்னால் ஓடுகிறது! ஹெட்கிளார்க் சபாபதி சாரிடம் ஓடினேன். அவர் வெற்றிலை மடிப்பதைக்கூட நிறுத்தவில்லை. ஆட்கள் சீக்கிரம் வரட்டுமென்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறதாம். அது பொய் இல்லையா என்று கேட்டேன்.

"ஏம்மா, வித்தியாசத்தை நோட்டுல எழுதத்தானே உன்னை வெச்சிருக்கு? திருத்தவா வெச்சிருக்கு?"

சிவப்பு மை

பட்டறையில் பிட்டர் வேலை பார்த்த காதர் பாய் அக்கரையில், பாம்பூ பிளாட்டில் குடியிருந்தார். மழைக்காலத்தில் பல நாள் முதல் பெர்ரி படகு ஓடாது. அடுத்ததில் வந்தால் ஏழு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது கேட்டில் நிற்பார். கேட் கடிகாரமோ ஏழு அஞ்சு காட்டும். இப்படித் தாமதத்துக்கு இரண்டு சிவப்புக் கோடு. மூன்றாவது விழுந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். அதற்குப் பயந்து, முதல் பெர்ரி இல்லாத நாட்களில் அந்த அலையிலும் சின்ன டோங்கியில் துடுப்புப் போட்டு வந்தார்.

கேட் காவலர் ராம்தாஸிடம் சண்டைக்குப் போனேன்.

"கடி ஜோ போலே, வஹீ சஹி. கடிகாரம் சொல்றதுதான் சரி, பஹன்ஜி."

ஊசலைப் பிடித்தேன்

மறுநாள் சபாபதி சார் வருவதற்கு முன், எட்டு மணி பிப் கேட்டதும் ஊசலைக் கையால் பிடித்து நிறுத்தினேன். ஏழு நிமிஷம். கை மரத்துப் போயிற்று. பிறகு விட்டேன். கேட் கடிகாரமும் கூடவே நின்று, கூடவே ஓடியது. நேரே காதர் பாயிடம் போய், இனி டோங்கி வேண்டாம், இரண்டாவது பெர்ரியிலேயே தைரியமாக வாருங்கள் என்றேன்.

"நீங்க படிச்சவங்க தங்கச்சி, சொன்னா சரியாத்தான் இருக்கும்."

நாற்பது வாட்ச்

அடுத்த காலை முதல் பெர்ரி ஓடவில்லை. காதர் பாய் என் பேச்சை நம்பி இரண்டாவதில் வந்தார். மூன்றாவது கோடு விழுந்தது. நடந்தது இதுதான்: பட்டறையில் எல்லார் வாட்சும் பழைய நேரத்துக்கு வைத்தவை. கேட் கடிகாரம் பின்தங்கிவிட்டதென்று எண்ணி, ராம்தாஸ் முந்தின சாயங்காலமே முள்ளை விரலால் தள்ளி முன்னால் வைத்துவிட்டார். நல்லெண்ணத்தோடு! ரேடியோ நோட்டைத் தூக்கிக்கொண்டு சபாபதி சாரிடம் வாதாடினேன், கத்தினேன், கடைசியில் அழுதும் விட்டேன்.

"நாற்பது வாட்ச் ஒரே நேரம் காட்டுது. நீ ஒருத்தி ரேடியோவைக் கூட்டிக்கிட்டு வர்றே. போம்மா, போய் மூஞ்சியைக் கழுவு."

ஜெட்டியில்

மெயின்லேண்டுக்குப் போகும் கப்பலில் காதர் பாய் மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் ஏறக் கிளம்பினார். ஊரில் வீடு இல்லை. மச்சான் வீட்டு வராந்தாதான். மன்னிப்புக் கேட்கப் போனேன். என்னைப் பார்த்து அவரே டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்தார்.

"நேரம் சரியாத்தான் சொன்னீங்க தங்கச்சி. நம்பினதுதான் என் தப்பு."

இப்போதும் தினம் எட்டு மணிக்கு ரேடியோவைத் திருகி, மேலிடத்து உத்தரவுப்படி, கடிகாரத்தை ஒரு விநாடிகூடப் பிசகாமல் ஏழு நிமிஷம் தப்பாக வைக்கிறேன். இதற்குத்தான் பௌதிகம் படித்தவள் வேண்டுமாம்.