அக்னெசின் பட்டுக்கோழிகள்

பிரெஞ்சு பேசும் ஊரான பியர்பொன்ட்சில் ஒரு கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சமையல் வேலை அக்னெசுக்கு. மன்னாரில் பிறந்தவள், பிள்ளைகளுக்குப் பருப்பு சூப் வைப்பதில் அவளை மிஞ்ச அங்கே ஆள் இல்லை. ஒரு வசந்தகாலத்தில் முதலாளியம்மா சில்கி எனும் பட்டுக்கோழிகள் மூன்றை வாங்கிப் பின்வளவில் விட்டாள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அவற்றின் இறகு இறகுபோல இராது, பூனைக்குட்டியின் மயிர்போல மெத்தென்று இருக்கும். தலையில் பஞ்சுக் கொண்டை, காலிலும் பஞ்சு.

முதல் பனி விழுந்ததும் இவற்றை யார் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. பண்ணைக்கு அனுப்பிவிடுவோம் என்றாள் முதலாளியம்மா. அனுப்பினால் என்ன நடக்கும் என்று அக்னெசுக்குத் தெரியும். “நான் கொண்டுபோறன்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகுதான் பிரெஞ்சில் சொன்னாள்.

வீட்டில் கணவர் பேனாட்டுக்குக் கோபம். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்து, வேலையை விட்டு வீட்டோடு இருந்தவர் அவர்.

“தோல் கறுப்பு, கறிக்கும் உதவாது. முட்டையும் சின்னன். என்னத்துக்கு இதுகள்?”

“பாக்கிறதுக்கு.”

திரேசா, பிலோமினா என்று அவள் பெயர் வைக்கத் தொடங்கியதும் அவர் துள்ளி எழுந்தார். “புனிதர்களின்ர பேரையே கோழிக்கு வைக்கிறீர்?” அதனால் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் தான் ஏறி இறங்கிய மெட்ரோ நிலையங்களின் பெயர்களை வைத்தாள்: ஜாரி, பிளமொண்டோன், ஸ்னோடன். வெள்ளைக்கோழிதான் ஸ்னோடன்.

முதல் மாரிப் பனிக்காலத்தில் பாசத்தாலேயே அவற்றைக் கொல்லப் பார்த்தாள். வீட்டுப் பின்வளவுக் கூட்டில் ஒரு துவாரம் விடாமல் பழைய போர்வையும் பிளாஸ்டிக்கும் வைத்து அடைத்தாள். தை மாதத்து ஒரு காலை கதவைத் திறந்தால் சுவரின் உட்பக்கமெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. கோழிகளின் மூச்சும் எச்சத்தின் ஈரமும் வெளியே போக வழியில்லை. ஜாரி நனைந்த துணிபோலச் சுருண்டு வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது.

“குளிர் இல்லையப்பா, ஈரம்தான் இதுகளுக்கு எமன். கூரைக்குக் கீழ ஒரு நீட்டு ஓட்டை வெட்டித் தாங்கோ.”

“இந்தக் குளிருக்குள்ள ஓட்டையோ? உமக்கென்ன விசரே?” என்று கேட்டுக்கொண்டே மரம் அறுக்கும் வாளை எடுத்தார் பேனாட்.

ஓட்டை வெட்டி, நிலத்தில் மரத்தூளைத் தடிப்பாகப் பரப்பிய பிறகு கூடு காய்ந்தது. வெளியே மூக்கு விறைக்கும் குளிரிலும் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பந்துபோலச் சுகமாக இருந்தன. ஆனால் இந்த மயிர் பஞ்சுபோலத் தண்ணீரைக் குடித்துவிடும். மழை மட்டும் படவே கூடாது. அதனால் கம்பிவலை முற்றத்துக்கும் கூட்டுக்கும் சேர்த்து மேலே பிளாஸ்டிக் தகடு போட்டு வைத்தாள்.

மாரி முடிகிறது என்று எல்லாரும் நினைத்திருந்த சித்திரையில் உறைமழை பெய்தது. மரங்கள் பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் முறிந்தன. ஊரெங்கும் கரண்ட் போய்விட்டது. கார்டெரியில் இருந்த அக்னெஸ் வீட்டுக்குப் போன் அடித்து அடித்துப் பார்த்தாள், பேனாட் எடுக்கவில்லை. கடைசிப் பிள்ளையைத் தாயிடம் ஒப்படைத்துவிட்டு, ஊர்ந்து ஊர்ந்து வந்த பஸ்ஸில் ஏறினாள். செபமாலையைக்கூட ஒழுங்காகச் சொல்ல வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பின்வளவுக்குத்தான் ஓடினாள். மேப்பிள் மரத்தின் பெரிய கொப்பு முறிந்து விழுந்து, கூடும் தகடும் நொறுங்கிக் கிடந்தன. கோழிகள் இல்லை. வீட்டுக்குள் இருட்டும் குளிரும், அவரையும் காணவில்லை. வெளியே வந்தபோதுதான் முன்பக்கம் நின்ற கார் உறுமுவது கேட்டது.

உள்ளே பேனாட் இருந்தார், தலையெல்லாம் நனைந்து. பூசைக்குப் போடும் அவருடைய கோயில் கோட்டுக்குள் மூன்று கொண்டைகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஹீட்டர் காற்று அவற்றுக்கு நேரே அடித்தது.

“கதவைச் சாத்தும், சூடு போகுது,” என்றார்.

அவள் பின் சீட்டில் ஏறினாள். “போன் எடுக்கேல்லையே!”

“எப்பிடி எடுக்கிறது? கை ரெண்டிலயும் கோழி.”

“இந்தக் காலோட, இந்த ஐசில எப்பிடிப் போனனீங்கள்?”

“நிலத்தில குந்தி இருந்து அரக்கி அரக்கிப் போனன். ஸ்னோடன்தான் நல்லா நடுங்குது. இந்தத் துவாயால அதின்ர காலைத் துடையும்.”

அக்னெஸ் சிரிக்கத் தொடங்கி, அது அழுகையில் போய் முடிந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் ஹீட்டரை இன்னும் கூட்டினார்.

கரண்ட் வந்த பிறகும் கோழிகள் நிலக்கீழ் அறையிலேயே இருந்தன. ஸ்னோடன் தீன் எடுக்கவில்லை. பேனாட் கீழே கதிரை போட்டிருந்து, சோற்றைப் பிசைந்து விரலால் ஊட்டினார். மூன்றாம் நாள் அது தானாகக் கொத்தியது. எச்சம் பட்டுப் பூசைக்குப் போட உதவாமல் போன கோட்டை அவற்றுக்கே விரித்துவிட்டார்.

உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றபோது, பேனாட் அவசரப்படுத்தினார்.

“என்ன அண்ணை, பிள்ளைகள் தனிய புரோசார்டில எல்லோ இருக்கினம்? வீட்டில ஆர் காத்துக்கொண்டு நிக்கினம்?” என்று கேட்டார் அதே கோயில் பங்கைச் சேர்ந்த றொக்சன்.

“மூண்டு பேர் நிக்கினம்,” என்றார் பேனாட். “பசி பொறுக்காத ஆக்கள்.”

அக்னெஸ் தேத்தண்ணிக் கோப்பையால் வாயை மறைத்துக்கொண்டாள்.