அழுத்தம் இறங்கினால்தான் டிக்கெட்

எங்கள் மயிலாப்பூர் அடுக்குமாடியில் யாரும் யாரையும் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. பிரஷர் எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். லிஃப்டில் ஏறியதும் மூன்றாம் மாடிக்காரர், பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஆரம்பித்துவிடுவார்.

"இன்னிக்கு எவ்வளவு சார்?"

"நூற்று அறுபத்தைந்து."

"அடடா. எனக்கு நூத்திமுப்பதைத் தாண்டறதே இல்லை. உப்பைக் குறைச்சுண்டேளோ?"

மலேசியாவில், என் ஊர் கிள்ளானில், என்னை ஒருவனும் ஜெயித்ததில்லை. இங்கே தரைத்தளம் வருவதற்குள் தோற்றுவிடுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றவன் நான். இன்னொருவன் லோரியில் கெலிண்டானாக, இங்கே சொன்னால் கிளீனராக, ஏறினேன். பிறகு துறைமுகச் சாலையில் என் பெயர் எழுதிய ஆறு லோரிகள் ஓடின. கடன் கேட்டு எவன் வாசலிலும் நின்றதில்லை. மனைவி போன பிறகு, இங்கே கல்யாணமாகி வந்த என் மகள் செல்வி, "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போங்கப்பா" என்று அழைத்து வந்தாள். கொஞ்ச நாளில் இரண்டு தீபாவளி போய்விட்டது. அங்கே என் வீடு பூட்டிக் கிடக்கிறது.

வந்த புதிதில் லஸ் பக்கம் ஒரு டாக்டர் காலையில் போட ஒரு மாத்திரை எழுதினார். கிள்ளான் அரசாங்க கிளினிக்கில் கொடுத்த மாத்திரை என் பெட்டியில் ஒரு பை நிறைய இருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. வியாபாரம் செய்தவன் எல்லாவற்றையும் மேசைமேல் விரிக்கமாட்டான். இந்த ஊர்ச் சாப்பாட்டுக்கு இந்த ஊர் மாத்திரை காலையில், என் உடம்புக்கு என் ஊர் மாத்திரை இரவில் என்று வைத்துக்கொண்டேன். பெயர் வேறு, நிறம் வேறு, அட்டையும் வேறு. ஊர்விட்டு ஊர் வந்தவர்களில் பலர் இப்படித்தான் செய்கிறோம், எனக்குத் தெரியும்.

முதலில் கால் வீங்கியது. பிறகு ஒரு நாள் தெப்பக்குளத்துப் பக்கம் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது தெரு சுற்றியது. காய்க்காரம்மா என் கையைப் பிடித்துவிட்டாள்.

"இன்னா நைனா, மூஞ்சி வெளுத்துக் கீது. இப்டி குந்து."

"ஒன்றுமில்லையம்மா. நான் ஆறு லோரி வைத்து ஓட்டியவன்."

"அப்பால ஓட்டிக்கலாம் நைனா. மொதல்ல தண்ணி குடி."

கோணிமேல் என்னை உட்காரவைத்து, என் போனிலிருந்தே செல்வியைக் கூப்பிட்டாள். அன்றைக்கு டாக்டர் இரண்டு அட்டைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே மருந்துதான் பெரியவரே. கம்பெனிதான் வேற. டபுள் டோஸ் போட்டுண்டு இருந்திருக்கீங்க," என்றார். செல்வி இரண்டு அட்டைகளையும் எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து மாத்திரையும் பாஸ்போர்ட்டும் அவள் பீரோவில், ஒரே தட்டில். வாட்ச்மேனுக்கும் உத்தரவு. நான் கேட் பக்கம் போனாலே, "அம்மாக்குத் தெரியுமா சார்?" என்கிறான். என்னிடம் முப்பது பேர் சம்பளம் வாங்கினார்கள். இப்போது தெருவுக்குப் போக வாட்ச்மேனிடம் பதில் சொல்கிறேன்.

ஊருக்குப் போக வேண்டும் என்று டாக்டரிடமே நேராகக் கேட்டுவிட்டேன். மருந்தை மாற்றி எழுதியிருக்கிறேன், அழுத்தம் இறங்கி நிலையாக நிற்கட்டும், பிறகு விமானம் ஏறலாம் என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் காலையில் செல்வி என் கையில் பிரஷர் மெஷின் பட்டையைச் சுற்றியதுமே எனக்கு டிக்கெட் ஞாபகம் வந்துவிடும். இன்றைக்காவது இறங்கவேண்டும் என்று நினைப்பேன். பட்டை இறுகும். நெஞ்சு அடித்துக்கொள்ளும். எண் ஏறிவிடும். போகவேண்டும் என்ற ஆசைதான் என்னைப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

போன வாரம் செல்வியே ஒரு வழி சொன்னாள். "கண்ண மூடிக்கிட்டு நம்ம வீட்ட நெனைங்கப்பா. மனசு அமைதியாயிடும்." நினைத்தேன். கேட் திறந்தது, என் லோரி ஒன்று பின்பக்கமாக ஷெட்டுக்குள் வந்தது, டீசல் வாசனைகூட வந்தது. நூற்று எழுபத்திரண்டு. அவள் முகம் வாடிவிட்டது.

மறுநாள் வீம்புக்கு ஒன்றையும் நினைக்காமல் உட்கார்ந்தேன். ஒன்றும் நினைக்காதவனுக்கு எதுவோ ஒன்று வரத்தானே செய்யும். எனக்குக் காய்க்காரம்மாவின் கோணி வந்தது. ஈரக் கீரைக்கட்டு, குளத்துப் படியில் வெயில், மணியடித்துக்கொண்டு போகிற ஒரு சைக்கிள்.

"அப்பா, நூத்திமுப்பத்தாறு," என்றாள் செல்வி. "இப்படியே நின்னா டிக்கெட் போட்டுடலாம்."

அதிலிருந்து அதையேதான் நினைக்கிறேன். இன்று காலையும் பட்டை இறுகும்போது கண்ணை மூடிக்கொண்டு கீரைக்கட்டுகளின் நடுவே உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலேயே என் லோரி ஹாரன் அடித்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.